பழசு

ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டர்களைத் துடைத்த கையோடு, எல்லாருக்கும் பொதுவான சர்வரையும் சுத்தம் பண்ணினேன். 'பழசு' என்றிருந்த ஃபோல்டரை அழித்தேன். எங்கள் கோவில்பட்டி அச்சகத்தில் பழசு என்றால் மாற்றமில்லாமல் திரும்பத் திரும்ப அடிக்கும் தீப்பெட்டி லேபிள். இத்தனை வருசமாக அங்கேயே குப்பை கொட்டிய எனக்கு அது பிறகுதான் உறைத்தது. ரீசைக்கிள் பின்னில் தேடினேன். சர்வரில் அழித்தது அங்கே வராதாம்.

முதலாளியிடம், "வைரஸ் அழிச்சிருச்சு அண்ணாச்சி" என்றேன், கூசாமல்.

அவர் டிசைன் செய்யும் பெண்ணிடம் திரும்பினார். "கண்ட சிடியவும் சொருகுனா வைரஸ் வராம என்னம்மா செய்யும்?"

அவள், காப்பி எடுத்துவைத்திருந்த அதே சிடிகளிலிருந்து எல்லா லேபிளையும் திரும்ப ஏற்றினாள்.

மறுநாள் எல்லார் திரையிலும் அந்த ஃபோல்டருக்குப் புதுப்பெயர்: 'பழசு அழிக்காதீங்கண்ணே'.

ஆபீசில் அவள் அண்ணே என்று கூப்பிடுவது என்னை மட்டும்தான்.