காது நனையும் நேரம்

காலண்டர் தாள்களின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் வேலையில் உடம்பு இப்படிப் பெருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆடியில் தொடங்கித் தை பிறக்கும்வரை சீசன். சிவகாசி அச்சகத்தில் காலையில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்போம். ஓவர் டைம் பார்த்தால் முதலாளி சாத்தூர்ச் சேவு வாங்கித் தருவார். கை தகரத்தில், வாய் சேவில். சீசன் முடிந்த அன்று பேப்பர் கட்டு நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். கூட வேலை பார்த்தவள் முள்ளைப் பார்த்துவிட்டு, "லாரிய வரச் சொல்லவா, லோடு ரெடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கும்போது முட்டி விண்ணென்று தெறித்தது.

டாக்டர் மூடி மறைக்கவில்லை. எடையைக் குறைக்காவிட்டால் இரண்டு முட்டியும் போய்விடும். நடந்து குறைக்கவும் அந்த முட்டி விடாது. "நீச்சல் தெரியுமா? தண்ணிக்குள்ள பாரம் தெரியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தாயில்பட்டிப் பக்கம் பிறந்து, கிணற்றில் குதிக்காமல் எவள் வளர்ந்தாள்? காரியாபட்டிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த அண்ணன் பெண்டாட்டி, என் மதினிக்குத்தான் நீச்சல் தெரியாது.

என் அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் இருவரும் கம்பெனி வேனில் ஏறிப் போனதும், நானும் மதினியும் ஊருக்கு மேற்கே இருந்த தோட்டத்துக் கிணற்றுக்குப் போவோம். பாவாடையும் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையும்தான் என் நீச்சலுடை. மதினி கிணற்று மேட்டில் உட்கார்ந்து என்னை வேலை வாங்குவார்.

"ஏத்தா, அங்கன நின்னு மூச்சு வாங்காத. இன்னொரு சுத்து வா. சட்டப் பித்தான் இன்னும் மூட மாட்டேங்குதுல்ல."

சுற்றிச் சுற்றி நீந்துவது எடைக்காக. அது முடிந்து மல்லாந்து மிதப்பது எனக்காக. காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் ஊர் காணாமல் போகும். மேலே வட்டமாக வானம். சுவர்ப் பொந்திலிருந்து புறா கிளம்பும். சிறகு அடிப்பது தெரியும், சத்தம் வராது. மீன்குஞ்சுகள் முதுகைக் கொத்தும். கை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடப்பேன். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்பதுகூடச் சில சமயம் சந்தேகமாகிவிடும்.

அது ஏன் அத்தனை சுகமாக இருந்தது என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு காது எப்போதும் கம்பெனிப் பக்கமே இருக்கும். எங்காவது 'டம்' என்று கேட்டால் சோறு வடிக்கிற கை அப்படியே நின்றுவிடும். கம்பெனியில் சோதித்துப் பார்க்கும் சேம்பிள் வெடியா, வேறு ஏதாவதா? தெருவுக்கு ஓடிவந்து புகை எழும்புகிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் திரும்பிப்போய்ச் சோற்றை வடிப்போம். செல்போன் முதலாளிமார் கையில் மட்டும் இருந்த காலம் அது. யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? கல்யாணமான நாளிலிருந்து நான் எதையும் கேட்காமல் இருந்தது அந்தத் தண்ணீருக்குள் மட்டும்தான்.

பித்தான்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்த மாசி மாதம். ஒரு நாள் மிதந்து முடித்துத் தலையைத் தூக்கினேன். மேட்டில் மதினி இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல்தான் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. படியேறி வந்தால், மதினியின் ஒற்றைச் செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. ஈரத்துணியோடு ஓடினேன். முட்டி என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

ரோட்டில் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் நின்றார்கள். நடுவில் ஒரு லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மதினி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"டயருத்தா! வெறும் டயரு!"

டயர் வெடித்துக் கிளம்பிய புழுதியைப் புகை என்று நினைத்துவிட்டார்கள். சொல்லிக்கொண்டே மதினி அழுதார், சிரித்தார். லாரி டிரைவர் திருதிருவென்று விழித்தார். "எதுக்கு இம்புட்டுப் பேரு வந்தீக? டயரு மாத்த நான் ஒருத்தன் போதும்."

மறுநாள் நான் கிணற்றுக்குக் கிளம்பவில்லை. மதினி வந்து கூப்பிட்டார்.

"வேண்டாம் மதினி. முட்டி போனாப் போகட்டும். நெசமாவே நடந்திருந்தா? நான் பாட்டுக்கு மல்லாந்து கெடந்திருக்கேன்."

"சத்தம் கேட்டிருந்தா மட்டும் என்ன பண்ணிருப்ப? எங்க கூட ஓடிருப்ப. அம்புட்டுதான்."

கொடியில் காய்ந்த அண்ணன் சட்டையை மதினி உருவி மடித்தார். பிறகு, "உள்ள போனா நெசமாவே ஒண்ணும் கேக்காதா?" என்றார்.

"கேக்காது மதினி."

அடுத்த நாள் காலி எண்ணெய் கேன் ஒன்றும் பழைய சேலைக் கிழிசலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எலும்பும் தோலுமா இருக்கீக. நீங்க எதுக்கு?"

"எடைக்கா எறங்குறேன்? பேசாம முதுகுல கட்டு."

முதலில் என் கழுத்தை விடவே மாட்டார். பங்குனி முடிவதற்குள் கேனை நம்பித் தனியாக மிதக்கப் பழகிவிட்டார். ஒரே ஒரு கண்டிசன் மட்டும் போட்டார்: ரெண்டு பேரும் சேர்ந்து காதை முக்கக் கூடாது, ஒருத்தி மேட்டில் இருக்கணும்.

அன்று என் முறை. மேட்டில் உட்கார்ந்து ஈரத்தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். கீழே மதினி மெல்லத் தலையைச் சாய்த்தார். முதலில் ஒரு காது நனைந்தது, பிறகு மற்றது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. இவர் இவ்வளவு அழகா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது கிழக்கே 'டம்' என்றது. சட்டென்று எழுந்தேன். கம்பெனி இருக்கும் திசையில் வானம் வெறுமையாக இருந்தது. நெஞ்சு அடங்கும்வரை பார்த்தேன். புகை இல்லை.

குனிந்து பார்த்தேன். மதினி கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து கிடந்தார். கூப்பிடாமல் உட்கார்ந்துகொண்டேன்.