சோப்புப் போட்டால் சிவக்கும் சாக்ஸ்

1. ஒற்றைக் கால் ஈரம்

அந்தப் பையன் வந்த சில நாளிலேயே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. மற்றவர்கள் துணியெல்லாம் வேர்வையும் மண்ணுமாகக் காய்ந்து விறைத்து வரும். அவன் பையில் மட்டும் இடது கால் சாக்ஸ் அலசிப் பிழிந்து ஈரமாக இருக்கும். வலது கால் சாக்ஸ் மண்ணோடு கிடக்கும். தானே துவைக்கிறவன் இரண்டையும் துவைப்பான். சோம்பல்பட்டவன் இரண்டையும் என் வாளியில் போடுவான். ஒன்றை மட்டும் அலசுகிறவன் எதையோ மறைக்கிறான்.

ரங்கூனில் சம்பளத்துக்குப் பந்தாடும் க்ளப்புகள் புதிதாகத் தொடங்கின காலம் அது, இரண்டாயிரத்து ஒன்பது. மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் க்ளப் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. ஆட்டக்காரர்கள் மாடியில் தங்குவார்கள். கீழே பின்பக்கக் குழாயடியில் என் வேலை. ஜெர்சி, கால்சட்டை, சாக்ஸ், எல்லாமே வெள்ளை. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருநாள்கூடத் துணி துவைத்திருக்க மாட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மண் பட்ட துணிக்கு எடுத்தவுடன் சோப்புப் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கழற்றிவிட்டுத்தான் சோப்பு. இல்லையென்றால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

க்ளப்பில் ஆள் எடுக்கிற பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் கோச் ஊ மின் ஸோ. நாங்கள் சயா என்று கூப்பிடுவோம். வாயில் எப்போதும் வெற்றிலை. பேசுவது பர்மியில், அதுவும் குறைவாக. அவர் பேசியதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். இன்னொருவர் காசிம் பாய். பபேடானில் மளிகைக் கடை வைத்திருந்தார். முதலாளிக்கு வேண்டியவர் என்பதால் மேனேஜர். சயா காலைப் பார்ப்பார். பாய் ஆளைப் பார்ப்பார்.

"லெச்சுமி, கண்ணத் தொறந்து வச்சுக்க. காலேஜ் டீம்லேர்ந்து வர்றவனுக்கெல்லாம் முட்டியில ஏதாச்சும் இருக்கும். வயசக் கொறைப்பான், வலிய மறைப்பான். மூணு மாசம் சம்பளம் வாங்கிட்டு நாலாம் மாசம் கால நீட்டிப் படுத்துக்குவான்" என்பார் பாய்.

எனக்கு ஆம்பளைகள் நடுவில் பேச்சு வராது. தலையை ஆட்டிவிட்டுத் துணியைப் பார்ப்பேன்.

பையன் பெயர் ஜா மின். காலேஜ் டீமில் ஸ்டாப்பர் பேக். கோலிக்கு முன்னால் நின்று வருகிறவனைத் தடுப்பது அவன் வேலை. கோல் போட மாட்டான், யாரும் அவன் பேரைச் சொல்லிக் கத்த மாட்டார்கள். கதவு மாதிரி அகலம். எங்கள் க்ளப்பில் அந்த இடம் காலியாக இருந்தது. ட்ரயலில் தேறினால் சம்பளமும் மாடியில் ஒரு கட்டிலும் அவனுக்கு. தேறாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

என்னிடம் பர்மியில்தான் பேசினான். துணிப்பையைக் கொடுக்கும்போது என் நெற்றித் திருநீற்றை ஒரு பார்வை பார்ப்பான், உடனே தலையைக் குனிந்துகொள்வான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சயாவுக்கு ஒரு பழக்கம். எங்கள் ஆட்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம் முடிந்தால் குழாயடிக்கு வந்து, "ஒன்பதாம் நம்பர் சட்டை எப்படி வந்திருக்கு?" என்று கேட்பார். எதிர்ப்பக்கம் கோல் போடுகிறவன் சட்டை அது. ஸ்டாப்பர் பிந்திவிட்டால் கையால் பிடித்து இழுப்பான், கழுத்துத் தையல் விட்டுப்போகும். ஜா மின் வந்த பிறகு அந்தச் சட்டை ஒருநாளும் இழுபட்டு வரவில்லை. சொன்னால் சயா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல ஆட்டக்காரன் ஒற்றை சாக்ஸை ஏன் அலசுகிறான்?

2. பாய் பார்த்த ரத்தம்

ட்ரயல் முடிகிற நாள் அலோனிலிருந்து ஒரு டீம் வந்து ஆடியது. ஆட்டம் முடிந்ததும் ஜெர்சி, சாக்ஸ் எல்லாவற்றையும் மைதானத்திலேயே கழற்றி மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அலசுவதற்கு ஜா மின்னுக்கு நேரமில்லை. அவன் இடது சாக்ஸ் முதல் முறையாகக் காய்ந்தபடி என் கைக்கு வந்தது.

உள்ளங்கால் படுகிற இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. தனக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு என்று நினைத்தேன். இந்த ஊரில் முகத்தில் பூசுகிறதை வேர்க்குரு என்று காலிலும் பூசுவார்கள். தனக்கா என்றால் தண்ணீரில் கரைந்து போகும். இது போகவில்லை, காய்ந்து நூலில் பிடித்திருந்தது. சோப்பைத் தேய்த்தேன். கறை சட்டென்று சிவந்தது. நுரையும் சிவந்தது, வேப்பிலை வாடையும் எழுந்தது.

மஞ்சள். கல்யாண வீட்டுப் புடவை துவைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும்.

அந்த நேரம் பார்த்துக் காசிம் பாய் பின்னால் வந்து நின்றார்.

"என்னா அது? ரத்தமா?"

அவரே குனிந்து லேபிளைப் பார்த்தார். ஆளுக்கொரு நம்பர் நூலால் தைத்திருப்பேன்.

"நான் சொன்னேன்ல! இன்னிக்கு ஆட்டத்துலயே பாத்தேன். எடது பக்கம் திரும்பறப்ப மாட்டு வண்டி மாதிரித் திரும்புறான். உள்ள பழைய புண்ணு இருக்கு. திருட்டுப் பய." இரண்டு விரலால் சாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். சொட்டுச் சொட்டாக நடையெல்லாம் ஈரம்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மஞ்சள் என்று தெரிந்த உடனே எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. பர்மியப் பேர் வைத்த பையன் உள்ளங்காலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எதற்குக் கட்டுகிறான்? தீப்புண்ணுக்குத்தான் நம் ஆட்கள் அப்படிக் கட்டுவார்கள். அவன் ட்ரயலுக்கு வந்ததற்கு முந்தின வாரம் எங்கள் அம்மன் கோயிலில் தீமிதி. மஞ்சள் வேட்டியில் வரிசையில் அகலமாக ஒருத்தன் நின்றது இப்போது ஞாபகம் வந்தது. முகம் பார்க்கவில்லை. முதுகுதான். அப்படியென்றால் அப்பா பர்மாக்காரர், அம்மா நம்மவள்.

நம் ஜனங்கள் பேசுவது தெரிந்ததுதானே. பூக்குழியில் கால் சுட்டதென்றால் விரதம் கெட்டது என்பார்கள். இந்தப் பையனை விட்டுவிடுவார்கள். அவனுடைய அம்மாவைத்தான் பிடிப்பார்கள். வீட்டில் என்ன சமைத்தாள், பர்மாக்காரனைக் கட்டினவள் என்ன சுத்தம் பார்த்தாள் என்று கோயில் வாசலிலேயே ஆரம்பிப்பார்கள். மஞ்சள் என்று நான் சொன்னால் அந்தப் பேச்சு புறப்படும். சொல்லாவிட்டால் ரத்தம் என்று அவன் வேலை போகும்.

3. டீத் தட்டு

சாயங்காலம் முன் தாழ்வாரத்தில் சயாவும் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவில் அந்த சாக்ஸ். ஜா மின் வெளியே கேட்டருகில் பையை வைத்துக்கொண்டு நின்றான். பேச்சு அவன் காதுக்கு எட்டாது. நான் டீயும் அறுத்த எலுமிச்சம்பழமும் கொண்டுபோனேன். பாய் பர்மியில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். பொய்க்காரன், இன்றே அனுப்பு என்பதுதான் மொத்தமும். சயா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

தட்டை வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

"பாய், அது ரத்தமில்ல. மஞ்சள்."

"மஞ்சளா? கால்ல என்னா பிரியாணியா கிண்டுறான்?"

எலுமிச்சைத் துண்டை எடுத்துக் கறைமேல் பிழிந்தேன். சிவப்பு மறுபடியும் மஞ்சளாகத் திரும்பியது. பாய் மூக்குக்கிட்ட கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தேன்.

"புண்ணு இல்லாமயா மஞ்சள் போடுவான்? ரத்தமா இருந்தாலும் மஞ்சளா இருந்தாலும் மறைச்சான்ல! நீயும் தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்திருக்கே. ஏன்?" என் மேலேயே திரும்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சயா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அவன் என்கிட்ட மறைக்கல. வந்த அன்னிக்கே செருப்பைக் கழட்டிக் காட்டினான். உள்ளங்காலில் நெருப்புக் கொப்புளம். ஆறிடும், ஆடறேன், ஆனா இடது பக்கம் சட்டுனு திரும்ப முடியாதுன்னு சொன்னான். அதனாலதான் அவனுக்கு இடது பக்கம் வேகமா ஓடற ஆளை நிறுத்தினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியவே கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். இந்தம்மா அவங்க கோயிலுக்குப் போறவங்க. நீங்க தமிழாளுங்களுக்கு மசாலா விக்கிறவர். உங்க கடையில ஒரு வார்த்தை விழுந்தா சாயங்காலத்துக்குள்ள அவங்கம்மா காதுக்குப் போயிடுமாம்."

பாய் டீயைக் கலக்கினார். "என் கடைய அப்படியா சொன்னான் அந்தப் பய?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பின்னால நிக்கிறவன் எங்கே முடியலைன்னு எனக்குச் சொல்லணும். சொன்னான்" என்றார் சயா. "சுட்ட காலோட ஒருத்தன் சட்டையைக்கூட இழுக்கல. எனக்கு அவன் வேணும்."

பாய் அப்போதும் அவனைக் கூப்பிட்டுக் காலைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். தோல் உரிந்து இளஞ்சிவப்பாக ஆறிவந்தது. விரலால் அழுத்தினார். பையன் முகம் சுளிக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாய் ஒரு நிபந்தனை போட்டார்: "எங்க சம்பளம் வாங்குற வரைக்கும் நெருப்புல எறங்கக் கூடாது." அவன் தலையாட்டினான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

கோயிலில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாய் கடையிலும் பேச்சு எழவில்லை. அது எனக்கு ஆச்சரியம்தான்.

4. மறு வருஷம்

மறு வருஷம் தீமிதிக்குச் சொந்தக்கார வீட்டுச் சாவு ஒன்றினால் நான் போக முடியவில்லை. அந்த வாரத் துணி வந்தபோது முதல் வேலையாக ஜா மின்னின் சாக்ஸைத் தேடினேன். இரண்டும் காய்ந்து, மண்ணோடு, ஒழுங்காக இருந்தன. இடதுக்குச் சோப்புப் போட்டேன். வெள்ளை நுரை. சரி, பையன் சொல் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல் வலதுக்கும் போட்டேன்.

குதிகால் பக்கம் லேசாகச் சிவந்தது.

முந்தின வருஷமாக இருந்தால் என்ன மறைக்கிறான் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பேன். இத்தனை காலம் பிறர் அழுக்கைப் பார்த்ததில் நான் கற்றது இந்த ஒன்றுதான்: ஒருவன் ஒன்றை மறைக்கிறான் என்று தெரிந்தால், யாரிடமிருந்து மறைக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாடிப்படியில் இறங்கி வந்தவனை நிறுத்தினேன். நானாக ஒரு ஆட்டக்காரனிடம் பேச்சுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"சயாகிட்ட சொல்லிட்டியா?"

அவன் என் கையிலிருந்த நுரையைப் பார்த்தான். அதுவரை என்னிடம் தமிழ் பேசாதவன், தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னான்.

"காலையிலயே சொல்லிட்டேன், அத்தே."

சாக்ஸை அலசிப் பிழிந்தேன். அன்று அதை முன்பக்கக் கொடியில் போடவில்லை. பாய் எட்டிப் பார்க்காத பின்சுவரில், நல்ல வெயிலில் விரித்துப் போட்டேன். மஞ்சள் கறைக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை.