இருப்பில் இல்லை

"வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, ஒரு ஆவணப்படம் போடுறாங்க, வாங்கம்மா" என்று என் மகள் ஒரு சனிக்கிழமை மதியம் பாளையங்கோட்டையில் தான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு என்னை அழைத்துப் போனாள். நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

படம் வேறொரு நாட்டைப் பற்றியது. அந்த அரசாங்கம் ரகசியமாக என்னென்ன செய்தது, கேட்டவர்களின் வாயை எப்படி அடைத்தது என்று போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், பல வருடம் வழக்காடி வாங்கிய காகிதங்களைக் காட்டினாள். பக்கம் பக்கமாகக் கறுப்பு மை. வரிக்கு வரி அடித்திருந்தார்கள். நடுவில் 'அன்று', 'பிறகு' என்று இரண்டொரு சொல் மட்டும் மிச்சம். மாணவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

எனக்கோ, இவ்வளவு மை எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் ஒரே வரியில் அந்த வேலை முடிந்துவிடும். அப்படி ஒரு வரியை அடித்தவள் நான்.

பல வருடங்களுக்கு முன்பு, மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். யாரோ மோட்டார் சைக்கிளைத் திருடிய வழக்கில் விசாரிக்க என்று அவருடைய தம்பியைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடல்தான் வந்தது. வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்றார்கள். பிறகு எங்கள் அலுவலகத்து அதிகாரி ஒருவர் அந்தச் சாவைப் பற்றி விசாரணை நடத்தினார். அவருடைய அறிக்கையை அடித்தது நான்தான். பதினொரு பக்கம். 'உள்ளங்கால்களில் காணப்பட்ட காயங்கள் கீழே விழுந்ததால் ஏற்பட்டவை அல்ல' என்ற வரி வந்தபோது என் விரல்கள் நின்றுவிட்டன. அந்த அதிகாரி நேர்மையான மனிதர். அறிக்கை மேலே போன மாதமே அவருக்கு இடமாற்றம் வந்தது. யார் மேலும் எந்த நடவடிக்கையும் வரவில்லை.

அந்த அறிக்கையின் நகலைத்தான் தையல்காரர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார். மனுவைக் கொடுத்த அன்று என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சாப் போதும். உம்மா தெனமும் கேக்காவ. அவனுக்குச் சின்ன வயசுலகூட வலிப்பு வந்தது கெடையாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காவ."

பதில் தயாரிக்கும் நாள் வந்தபோது அலுவலகக் கண்காணிப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இருப்பில் இல்லைன்னு அடிச்சிருங்க, தங்கச்சி."

"சார், கோப்பு உங்க பீரோவுலதான இருக்கு?"

"என் பீரோவுல இருக்கது இருப்பா? பதிவறையில இருந்தாத்தான் இருப்பு. மேலருந்து போன் வந்தாச்சு. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு, உங்களுக்கும் பிள்ளை இருக்கு. பைய அடிச்சுக் கொண்டாங்க."

அவர் கெட்டவர் இல்லை. என் கணவர் இறந்தபோது எனக்கு வரவேண்டிய காகிதங்களுக்கெல்லாம் அலைந்து கையெழுத்து வாங்கித் தந்தவர். நான் போய் அடித்தேன். 'தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இருப்பில் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' உறையில் போட்டு ஒட்டியதும் நான்தான்.

பத்து நாள் கழித்து அந்தக் கடிதத்தோடு அவர் திரும்ப வந்தார்.

"இல்லைன்னா, தொலைஞ்சு போச்சா மேடம்? இல்ல, எழுதவே இல்லையா?"

"அதுல போட்டிருக்கதுதான் எனக்குத் தெரியும்" என்றேன். கடிதத்தில் இருந்தது அலுவலகம் சொல்லச் சொன்ன பொய். இது நானாகச் சொன்னது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

படம் முடிந்து கலந்துரையாடல் நடந்தது. 'நம்ம ஊர்ல' என்று ஒரு மாணவி ஆரம்பித்ததும் பேராசிரியர் ஒருவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுப் பேச்சைப் படத்தின் ஒளிப்பதிவுக்கு மாற்றினார். திரும்பும் வழியில், வண்ணார்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது, மகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.

"அவரப் போய்ப் பாருங்கம்மா" என்றாள்.

அடுத்த வாரம் போனேன். கடை அதே தெருவில்தான் இருந்தது. அவருக்குத் தாடி நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன்.

"உள்ளங்காலுன்னா எழுதியிருந்துச்சு?"

"ஆமா."

"அடக்கத்துக்குக் குளிப்பாட்டும்போது நாங்க பாத்தோம். நாங்க சொன்னா யாரு நம்புதாவ? அப்ப ஒரு ஆளு அத எழுதியிருக்காரு."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"உம்மா போயிட்டாவ, மவுத்தாயி மூணு வருசம் ஆச்சு." பிறகு கேட்டார்: "யக்கா, இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

பென்ஷன்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தும் எழுதிக் கொடுத்தேன்.

இருவருமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் படித்துவிட்டு, "கோப்பு எண் என்னம்மா?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. விசாரித்த அதிகாரி இறந்துவிட்டிருந்தார். கண்காணிப்பாளர் சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். போன் செய்தேன். "அப்படி எதுவும் நெனவில்லயே, தங்கச்சி. ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார். வக்கீல் புதிதாக ஒரு மனுப் போட்டார். பாதுகாப்புக் காலம் முடிந்த அந்த ஆண்டுக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. என் கண் முதலில் அதைத்தான் பார்த்தது.

"உங்க வார்த்தைய மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் நிக்காதும்மா" என்றார் வக்கீல்.

படியிறங்கும்போது தையல்காரர் கேட்டார்: "அந்தப் பதினோரு பக்கத்துல என்னென்ன இருந்துச்சுன்னு, ஞாபகம் இருக்க மட்டும் எழுதித் தாங்க யக்கா. கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு."

நான்கு நாள் உட்கார்ந்தேன். அடுத்த அறையில் அலறல் கேட்டதாக ஒருவர் சொன்ன சாட்சி ஞாபகம் வந்தது. தம்பி தண்ணீர் கேட்டது வந்தது. டாக்டர் சொன்னதில் பாதி வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. ஆயிரக்கணக்கில் அடித்த காகிதங்களில் அதுவும் ஒன்றாகிப் போயிருந்தது. தெரியாத இடத்தை நானாக இட்டு நிரப்ப முடியாது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். தண்ணீர் கேட்ட இடத்தில் விரலை வைத்து, "குடுத்தாவளாமா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன்.

பள்ளிச் சட்டைக்கு அளவு கொடுக்க ஒரு பெண் மகளோடு கடைக்குள் வந்தாள். நான் விலகி வழி விட்டேன்.