மும்தாஜ் அக்கா வாங்கிய சொற்கள்

சிறுவாச்சூர் நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தபோது ராணி சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை. கோயிலுக்கு வந்த கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த சத்தத்தில் முதலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"கலை, மும்தாஜ் போயிட்டாம்மா. காலையில தொழுவ எந்திரிச்சவ அப்படியே சாஞ்சிட்டாளாம். திருச்சிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு."

"எந்த மும்தாஜ்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே மும்தாஜ்தான்.

பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து அக்காவின் ஊரான லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தேன். அக்காவின் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மாலை அஸர் தொழுகையோடு அடக்கம். எவ்வளவு முயன்றும் அதற்குள் அவரால் வந்து சேர முடியாது. நாத்தனார் போனை அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். போனுக்குள் அந்த மனிதர், "கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க, கொஞ்சம் கிட்டக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இணைப்பு அடிக்கடி நின்று நின்று வந்தது. அங்கிருந்த பெண்கள் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அக்காவை அறிந்த பலருக்கும் அவர் என்ன தொழில் செய்தார் என்பது சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல விளம்பரம் போடுற அம்மா' என்பார்கள். பெரம்பலூரில் டயர் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. அவர் விளம்பரங்களை நடத்துவார். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். ஒருவர் போனில் ஏதாவது தேடும்போது எங்கள் வாடிக்கையாளரின் பெயர் மேலே வர வேண்டும். அதற்காக, மக்கள் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவார்கள் என்று யோசித்து, அந்தச் சொற்களுக்குத் தேடல் நிறுவனத்திடம் பணம் கட்ட வேண்டும். "நாம சொல்லு வாங்கி விக்கிறவங்க கலை. ஆனா வாங்குன சொல்லு நம்மளுது இல்ல" என்பார் அக்கா.

அது எங்களுடையது இல்லை என்பதை வாரம் ஒருமுறையாவது உணர்வோம். காலையில் திரையைத் திறந்தால் சில சொற்கள் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். நிறுத்தப்பட்டுவிட்டன என்று பொருள். அதைத் தேடுபவர்கள் குறைவு என்பார்கள். விளம்பரத்துக்கும் இணையப் பக்கத்துக்கும் பொருத்தமில்லை என்பார்கள். விதிக்கு முரண் என்பார்கள். அரியலூரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒருவருக்கு 'போர் போட' என்ற சொல்லை வாங்கியிருந்தோம். அதை யுத்தம் என்று புரிந்துகொண்டு இயந்திரம் நிறுத்திவிட்டது. அக்கா அந்த மனிதருக்குப் போன் செய்து, "அண்ணே, உங்கள சண்டைக்குப் போறவர்னு நெனச்சுக்கிட்டாங்க" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம். இரண்டு முறை முறையிட்டதும் அந்தச் சொல் திரும்பக் கிடைத்தது.

ராணி சிஸ்டரின் இல்லத்துக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

சிஸ்டர் ஓய்வு பெற்ற செவிலியர். ஜெயங்கொண்டம் சாலையில் குடிநோயாளிகளுக்கான சிறிய இல்லம் ஒன்றை நடத்துகிறார். கட்டில்கள் காலியாகக் கிடந்தன. குடிப்பவர்கள் இல்லாமல் அல்ல. இப்படி ஓரிடம் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். "இத யாரும் பக்கத்து வூட்டுல போயி கேக்க மாட்டாங்க. போன்லதான் கேப்பாங்க" என்று சொல்லி, ஒரு மனைவி என்ன தட்டச்சு செய்வாள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். 'குடியை நிறுத்த', 'குடியை நிறுத்த அரியலூர்', 'புருஷன் குடி மருந்து'. அழைப்புகள் வரத் தொடங்கின. சில வாரங்களில் கட்டில்கள் நிரம்பின. சிஸ்டர் போனில் அழுதார்.

பிறகு ஒரு காலையில் அத்தனை சொற்களும் சாம்பல் நிறமாயின.

இந்த வகைச் சிகிச்சைக்கு விளம்பரம் செய்யத் தனி அங்கீகாரம் வேண்டும் என்றது திரை. அந்த அங்கீகாரத்தை யாரிடம் வாங்குவது என்று தேடினோம். நம் ஊருக்கு அப்படி ஒன்று வழங்கப்படுவதாகவே தெரியவில்லை. அரசு கொடுத்த உரிமத்தை அனுப்பினோம். ஏற்கப்படவில்லை. மறுபடி அனுப்பினோம், முதல் பதிலே எழுத்து மாறாமல் திரும்ப வந்தது. நான் திட்டித் தீர்த்தபோது அக்கா தடுத்தார். "சட்டம் தப்புன்னு சொல்ல முடியாது கலை. இந்தப் பேர வெச்சு ஏமாத்துறவன் இருக்கான். ஆனா ஏமாத்துறவன் யாரு, ராணி சிஸ்டர் யாருன்னு வந்து பாக்க ஒருத்தர் வேணும்ல?"

அந்த ஒருத்தரைத் தேடி, தேடல் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பேசியவர் நல்ல தமிழில் பேசினார். அக்கா இல்லத்தைப் பற்றி, கட்டில்களைப் பற்றி, வந்து போன குடும்பங்களைப் பற்றியெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்றார்.

"தம்பி, நீங்க எந்த ஊருப்பா?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க மேடம்."

"சரி, சொல்ல வேணாம். உங்க ஊர்ல குடிக்கிறவங்க இருக்காங்களா?"

அவர் தணிந்த குரலில், "அக்கா, எனக்கும் இது ஸ்கிரீன்ல வர்றதுதான் தெரியும். என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். "அவன் பாவம்" என்றார்.

விதியில் மாட்டாத சொற்களாகப் பார்த்து வாங்கினோம். 'குடும்ப நிம்மதி ஆலோசனை ஜெயங்கொண்டம்' என்றெல்லாம் போட்டோம். அவற்றைத் தேடுபவர்கள் மிகக் குறைவு என்று சொல்லி அவையும் நிறுத்தப்பட்டன. யார் தேடுவார்கள்? வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வார்த்தையா வாயில் வரும்? கடைசியில் அக்கா எங்கள் ஆபீஸ் எண்ணைப் போட்டு நோட்டீஸ் அடித்தார். கண்டக்டர்களிடம் கெஞ்சி, மகளிர் இருக்கைகளுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினார்.

அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் உடையார்பாளையம் பக்கத்திலிருந்து விஜயா என்ற பெண் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்கு வந்தார். அன்று அக்காவும் நானும் அங்கே இருந்தோம். தம்பியை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த விஜயா, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்த எடம் புதுசா சிஸ்டர்? எங்க வூட்டுக்காரருக்காகப் போன்ல எவ்வளவோ தேடுனோம். வரவே இல்லயே. அவரு போயி ரெண்டு மாசம் ஆவப் போவுது."

அக்கா என்னைப் பார்த்தார். "என்னன்னு போட்டுத் தேடுனீங்கம்மா?"

"'குடியை நிறுத்த அரியலூர்'னு. எம் பொண்ணுதான் அடிச்சுக் குடுத்துச்சு."

"அந்தச் சொல்லு எங்ககிட்ட இருந்துச்சும்மா. அப்புறம் நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்துனா?"

இத்தனை நாள் இந்த வேலையே கதியென்று இருந்த அக்காவுக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. "தெரியலம்மா" என்றார். விஜயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து பெரம்பலூரில் இறங்கும்போது அக்கா, "நாம போட்டிருந்தா மேல வந்திருக்கும் கலை. முதல்லயே வந்திருக்கும்" என்றார்.

விஜயாவின் கணவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல் இருந்தால்கூட அவர் வந்திருக்க மாட்டாரோ என்னவோ. இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னும் தினமும் முறையீடு அனுப்பினார். தினமும் அதே பதில் வந்தது.

இப்போது அந்த விளம்பரக் கணக்கையே என்னால் திறக்க முடியவில்லை. திறப்பதற்கான எண் அக்காவின் போனுக்குப் போகிறது. அந்தப் போன் எந்தப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறதோ. அவர் வீட்டுக்குப் போய் அதைக் கேட்க மனம் வரவில்லை. இல்லத்தில் பாதிக் கட்டில்கள் மறுபடியும் காலி. சிஸ்டருக்கு வயதாகிவிட்டது, எத்தனை நாள் நடத்துவேனோ என்கிறார். நண்பர்களே, இதற்கு மேல் நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை.

அக்காவிடமிருந்து என்னோடு வந்தது ஒன்றே ஒன்று. நோட்டீஸைப் பார்த்து அழைக்கும் பெண்கள் எடுத்தவுடன், "பக்கத்து வூட்டுல ஒருத்தருக்காகக் கேக்குறேன்" என்பார்கள். மற்றவர்களாக இருந்தால் முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அக்கா வைக்க மாட்டார். "சொல்லும்மா" என்பார். பிறகு சும்மா இருப்பார். டயர் கடையின் சத்தம் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். அவர் காதில் போனோடு காத்திருப்பார். வெகுநேரம் கழித்து, "எங்க வூட்டுக்காரருதாங்க" என்று ஒரு குரல் வரும்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஆபீஸ் எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்காக என்றாள் அந்தப் பெண். "சொல்லும்மா" என்றேன். காத்திருந்தேன். மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யாரோ ஆண் குரலில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், நான் கூப்பிடவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.