காட்சி என்றால் மூன்று மணிக்குத் தொடங்குவது

1957 செப்டம்பர் 2. சேர்க்கைக் கட்டணம், 45 ரூபாய். இங்கத்துக் காசில் 29 வெள்ளி.
1957 அக்டோபர் 14. முதல் பயிற்சி, 6 பக்கம்.
1957 டிசம்பர் 2. இரண்டாம் பயிற்சி, 6 படம்.
1958 ஜனவரி 13. மூன்றாம் பயிற்சி, 4 பக்கம்.
1958 பிப்ரவரி 16, ஞாயிறு. 412 டிக்கெட்.
1958 மார்ச் 3. நான்காம் பயிற்சி, 31 பக்கம். தபால்தலை 1 வெள்ளி 60 காசு.
1958 ஏப்ரல் 21. நான்காம் பயிற்சிக்கு மதிப்பெண், 100க்கு 0.
1958 ஜூன் 30. கெடு.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வைரம் தியேட்டர் இருந்தது. அங்கே பெண்கள் கவுண்டரில் டிக்கெட் விற்றவள் சிவகாமசுந்தரி. வயது இருபத்தெட்டு. டன்லப் தெருவில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் தாயார் முத்தாயியோடு குடியிருந்தாள். தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும்.

ஆறு வருடம் தியேட்டரில் வேலை பார்த்தும் அவள் ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. படம் ஓட ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் வரை கவுண்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதன் பிறகு டிக்கெட் அடிக்கட்டைகளை எண்ணிக் கட்டிவிட்டு அவள் உள்ளே போனால், கதாநாயகிக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருக்கும். எந்தப் படத்தின் முடிவைக் கேட்டாலும் சொல்வாள். ஆரம்பம் என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பாள்.

முதலாளி நாகூர் கனி. மதராஸிலிருந்து படங்களை வரவழைத்து ஓட்டுபவர். ஒவ்வொரு படமும் வந்து இறங்கியதும் தணிக்கை ஆபீஸுக்குப் படப்பெட்டியோடு ஒரு கதைச்சுருக்கமும் போக வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் தட்டச்சுக்காரர் ஆங்கிலத்தில் அடித்துவிடுவார். அந்தச் சுருக்கத்தை எழுதிவந்த பெரியவர் 1957 ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில் ஒரு வசதி இருந்தது. எழுதுகிறவர் படத்தை முதலிலிருந்து கடைசி வரை, விளக்கணைத்த கொட்டகையில், தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். சிவகாமசுந்தரிக்கு அந்த வேலை வேண்டும். கேட்டும் விட்டாள்.

நாகூர் கனி மறுக்கவில்லை, கொடுக்கவுமில்லை. தம் அக்காள் மகன் ரவூபுக்கு அதைத் தருவதாக அக்காவிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை மாற்ற வேண்டுமானால் அக்காவின் முன்னால் நீட்ட ஒரு காகிதம் வேண்டும் என்றார். மதராஸில் தபால் வழியாகத் திரைப்படப் பாடம் சொல்லித்தரும் கலைச்சுடர் கல்வி நிலையம் என்று ஒன்று இருப்பதைப் பத்திரிகையில் பார்த்துச் சொன்னவரும் அவரே. நான்கு பயிற்சி, தேறுவதற்கு நாற்பது மதிப்பெண், நான்கிலும் தேறினால் சான்றிதழ். 1958 ஜூன் முப்பதுக்குள் அதைக் கொண்டுவந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் ரவூபுக்கு. அதுவரை சுருக்கத்தைத் தாமே எப்படியோ ஒப்பேற்றிக்கொள்வதாகவும் சொன்னார்.

எரிச்சல் முதல் பயிற்சியிலேயே தொடங்கியது. அண்மையில் பார்த்த ஒரு படம் எப்படித் தொடங்கியது என்று விவரிக்க வேண்டுமாம். பார்த்தால்தானே விவரிப்பதற்கு. கவுண்டருக்குப் பின்சுவர் பலகை. அதன் வழியாகச் சத்தம் மட்டும் வரும். நாற்பது தடவை காதில் விழுந்த ஒரு தொடக்கத்தை, வண்டிச் சத்தம், கதவுச் சத்தம், ஒரு தும்மல் என்று சத்தத்தை மட்டும் வைத்தே எழுதி அனுப்பினாள். அறுபத்தொன்று வந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் 'கண்ணையும் பயன்படுத்துக' என்று எழுதியிருந்தார். கீழே பெயர் கிடையாது, இரண்டு எழுத்துக் கையொப்பம் மட்டும்.

இரண்டாவது, ஆறு படங்களால் ஒரு கதை சொல்வது. அவளிடம் காமிரா இல்லை. ஆப்பரேட்டர் முகைதீன், ஃபிலிம் அறுந்தால் ஒட்டும்போது வெட்டிப்போடும் துண்டுகளை ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஐந்து வெவ்வேறு படங்களின் துண்டுகளைப் பொறுக்கி, ஒருத்தி ஒரே பெட்டியை ஐந்து புருஷன்மாரிடமிருந்து மறைப்பது போல அவள் ஒட்டி அனுப்ப, எழுபத்திரண்டு வந்தது. மூன்றாவது, வசனமே இல்லாமல் ஒரு சண்டையை எழுதுவது. ஐம்பத்தைந்து.

நான்காம் பயிற்சியின் கேள்வியை அப்படியே தருவது நல்லது; வம்பெல்லாம் அதிலிருந்துதான். 'ஒரு காட்சியை எடுத்துக்கொள்க. அது எவ்வாறு தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எவ்வாறு முடிகிறது என்பதை உன்னிப்பாகக் கவனித்து எழுதுக.'

சிவகாமசுந்தரி பேச்சில் சீன் என்பாள், ஷோ என்பாள். எல்லாரும் அப்படித்தான். காட்சி என்ற சொல்லை அவள் அறிந்த இடம் ஒன்றே ஒன்று. அவள் தலைக்கு மேல் ஆறு வருடமாகத் தொங்கிய தகரப் பலகை: 'தினசரி 3 காட்சிகள். 3 மணி, 6.30 மணி, 9.30 மணி.' ஆகவே அவள் மூன்று மணிக் காட்சியை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டாள். கவுண்டரில் ரவூப் உட்கார்ந்தான். அவள் முத்தாயியின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். எல்லாக் கவுண்டரையும் கூட்டி ரவூப் சொன்ன கணக்குப்படி உள்ளே போனவர்கள் 409. அவள் தலை எண்ணியபடி 412. சாயந்திரம் எல்லாக் கவுண்டர் அடிக்கட்டைகளையும் எண்ணிப் பார்த்ததில் 412தான்.

அவள் எழுதிய முப்பத்தொரு பக்கத்தில் இப்படியெல்லாம் இருந்தது. 3.04க்கு விளக்கு அணைந்தது. 3.06 முதல் 3.15 வரை செய்திப்படம். அதை யாரும் பார்க்கவில்லை, இடம் தேடினார்கள். 4.17க்குத் திரும்பியது: அதுவரை கச்சான் கடலை கொறித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு பெஞ்சு சட்டென்று வாயை மூடியது, திரையிலும் அப்போது யாரும் பேசவில்லை. 5.41க்குப் பதினேழு பெண்கள் எழுந்து போனார்கள். முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. எல்லாரும் வீட்டில் ஆள் வந்து சேருமுன் உலை வைக்க வேண்டியவர்கள். அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு எந்தப் படத்திலும் தெரியாது.

முதல் முறையாக ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்க உட்கார்ந்தவள், ஜனத்தையும் கடிகாரத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்ததில் அந்தத் தொடக்கத்தையும் கோட்டைவிட்டாள். இதை அவள் பிறகுதான் உணர்ந்தாள். அதற்கும் ஒரு எரிச்சல்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி பதில் வந்தது. சுழி. 'பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள். காட்சி எது என்று அறியாதவர் திரைப்படம் பயில முடியாது. மறுமுறை எழுதி அனுப்ப ஒரு வாய்ப்பு உண்டு.' முப்பத்தொரு பக்கமும் திரும்பி வரவில்லை. அவளிடம் வேறு படியும் இல்லை.

புரொஜெக்டர் அறைக்கு ஏறிப்போய் முகைதீனிடம் கடிதத்தைக் காட்டினாள். அவர் வாசித்து முடித்து, புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார்.

"அவரு சீனைக் கேட்டிருக்காரு தங்கச்சி. நீ ஷோவை எழுதிப்புட்டே."

"சீன்னு எழுதறதுக்கென்ன அண்ணே? கை சுளுக்கிக்குமா?"

"இன்னும் எழுபது நாள் கிடக்குலா. மூணு பக்கம் எழுதிப் போட்டுட்டுப் போ. பாஸாகப் போறியா, சண்டை போடப் போறியா?"

"ரெண்டும்."

முதலில் சண்டையைத்தான் போட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய பிசகு இதுதான் என்று சொல்லலாம். ஏப்ரல் இருபத்துமூன்றில் நான்கு பக்கக் கடிதம், காசை மிச்சம் பிடிக்கக் கப்பல் தபாலில். சிங்கப்பூரில் உள்ள அத்தனை தமிழ்க் கொட்டகையிலும் காட்சி என்றால் மூன்று மணிக்குத் தொடங்குவது; சீன் என்று எழுதியிருந்தால் தனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் முப்பத்தொரு பக்கமும் மிச்சமாகியிருக்கும்; அந்தப் பக்கங்களை உடனே திருப்பி அனுப்பவும். மே இருபத்தாறில் பதில் வந்தது, ஒரே வரி: 'தமிழில் சீன் என்று ஒரு சொல் இல்லை.' அவள் ஜூன் இரண்டாம் தேதி மறுபடி எழுதினாள்: 'அப்படியானால் மதராஸ் தியேட்டர்களில் மூன்று மணிக்கு என்னதான் தொடங்குகிறது?' இதற்குப் பதிலே இல்லை.

முத்தாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, சீமைக்குச் சண்டைக்குப் போறவ தபால்தலை ஒட்டிக்கிட்டா போவா என்றாள். ஜூன் முப்பதாம் தேதி திங்கட்கிழமை, சான்றிதழ் இல்லாமலே முடிந்தது. மறுநாள் ரவூப் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைய மூன்று காட்சிக்கும் சிவகாமசுந்தரி சில்லறையைப் பலகையில் அடித்து வைத்தே டிக்கெட் விற்றாள்.

ரவூப் நல்ல பையன். ஆனால் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். ஆகஸ்டில் வந்த படத்துக்கு அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். வாசலில் பத்துக் காசுக்கு விற்கும் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்தான் கதைச்சுருக்கம் அச்சிட்டிருக்கிறதே. அதை எழுத்துப் பிசகாமல் நகல் எடுத்தான். தட்டச்சுக்காரரும் கேள்வி கேட்காமல் ஆங்கிலத்தில் அடித்தார். பாட்டுப் புத்தகம் எல்லாம் எந்த வாக்கியத்தில் முடியும் என்பது படம் பார்க்கிற எவருக்கும் தெரியும். 'கொலையாளி யார்? கமலா என்ன ஆனாள்? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

தணிக்கை ஆபீஸிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. மீதியையும் எழுதி அனுப்பினால்தான் வரிசையில் சேர்க்க முடியும் என்று மரியாதையாகவே ஒரு குறிப்பு. படம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. ஒட்டிய சுவரொட்டிகளின் மேலெல்லாம் புதுத் தேதி ஒட்ட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் இருபத்துநான்காம் தேதி நாகூர் கனி தாமே பெண்கள் கவுண்டருக்கு வந்து, கம்பிக்கு வெளியே நின்றார். வரிசையில் நின்ற பெண்கள் வழி விட்டார்கள்.

"புள்ள, அந்தக் கதையைக் கொஞ்சம் எழுதித் தா."

"இங்க டிக்கெட்டுதான் குடுப்போம், மொதலாளி."

"குத்திக் காட்டாதே. மீதிய வெள்ளித்திரையில பாருன்னு ஆபீசருக்கே எழுதிட்டான். என் முகத்தை எங்க வைக்கிறது?"

"யாரு கொலை பண்ணதுன்னு படத்தைப் பாக்காமலே சொல்லுவேன். முடிவெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா வேலை ரவூபோடதுலா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் படத்தை நானே எப்படியோ ஒப்பேத்திக்கிறேன். தீபாவளிப் படப்பெட்டி அக்டோபர் பத்தாந் தேதி ஆபீசுக்குப் போவணும். அதுக்குள்ள உன் காயிதம் வந்துட்டா எங்கக்கா கிட்ட நான் பேசிக்கிறேன். வரலேன்னா அவனே எழுதட்டும், அல்லா விட்ட வழி. வெறுங்கையோட என்னை அக்கா முன்னாடி நிக்கச் சொல்லாதே."

அன்றிரவே அவள் நான்காம் பயிற்சியை மறுபடி எழுத உட்கார்ந்தாள். முன்பு ஓடிய ஒரு படத்தில், கவுண்டரை மூடிவிட்டு அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சீன் உண்டு. மனைவிக்கு ஒரு கடிதம் வருகிறது. பிரித்துப் படிக்காமலே அடுப்பில் போடுகிறாள். பிறகு எரியாத மூலையை மட்டும் குச்சியால் வெளியே இழுத்துப் பார்க்கிறாள். முப்பத்தெட்டு தடவை பார்த்தது. மூன்று பக்கத்தில் எழுதி முடித்தாள். தலைப்பில் காட்சி என்றுதான் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் அடிக்குறிப்பு ஒன்று சேர்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை: 'இங்கே காட்சி என்பது மூன்று மணிக்குத் தொடங்குவது அன்று.' இந்த முறை விமானத் தபால். முப்பத்தொரு பக்கம் திரும்பி வருவதற்காகத் தன் விலாசம் எழுதிய பெரிய உறை ஒன்றும் கூடவே.

செப்டம்பர் முழுவதும் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சந்துக்குள் நுழையும்போதே அவள் கவுண்டரிலிருந்து எழுந்துவிடுவாள். சில்லறை வாங்காமல் போன பெண்கள் திரும்பி வந்து சத்தம் போடுவார்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி தீபாவளிப் படம் வந்து இறங்கியது. ரவூப் அதன் பாட்டுப் புத்தகத்தைத் தேடுவதாக முகைதீன் வந்து சொன்னார்.

கடைசியில் வந்த உறைக்குள் சான்றிதழ் இருந்தது. நான்காம் பயிற்சிக்கு நாற்பத்தொன்று. தேறுவதற்கு மேல் சரியாக ஒன்று. அந்த ஒரு மதிப்பெண்ணை அவர் இரக்கத்தில் போட்டாரா, அடிக்குறிப்புக்காக மற்றதைக் குறைத்தாரா என்று தெரியவில்லை. கீழே சிவப்பு மையில்: 'முந்தைய 31 பக்கங்களைத் திருப்பி அனுப்ப இயலாது. இங்கே நேரில் பயிலும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் படித்துக் காட்ட வைத்துக்கொண்டேன்.' அவள் அனுப்பிய பெரிய உறையும் வரவில்லை.

"எதுக்குப் படிச்சுக் காட்டுவாராம் அண்ணே? இப்படி எழுதுங்கன்னா, இப்படி எழுதாதீங்கன்னா?"

"எழுதிக் கேளேன்," என்றார் முகைதீன்.

அவள் கேட்கவில்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு மார்க்கெட் தெருவில் இருந்த முதலாளியின் ஆபீஸுக்கு நடந்தாள். அன்று பிற்பகல் நாகூர் கனி அதைத் தம் அக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று மணிக்கு ரவூப் பெண்கள் கவுண்டரில் உட்கார்ந்தான். அன்றிரவு கடைசிக் காட்சிக் கூட்டம் கலைந்த பிறகு, சிவகாமசுந்தரி விளக்கணைத்த கொட்டகையில் தனியாக உட்கார்ந்து தீபாவளிப் படத்தை முதல் எழுத்திலிருந்து பார்த்தாள். சுருக்கம் மறுநாள் காலை பெட்டியோடு போனது, மீதியும் சேர்த்து.

1969 வரை அந்த நாற்காலியில் இருந்து 214 சுருக்கம் எழுதினாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முப்பத்தொரு பக்கத்தை நினைவிலிருந்து மறுபடி எழுதப் பார்த்ததில் பத்தொன்பதுதான் தேறியது. மீதியை மதராஸில்தான் காண வேண்டும் என்று கேட்பவர்களிடமெல்லாம் கடுகடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பிறகு கடிதம் வந்ததில்லை.

கடைசிக் கடிதம் வந்தது: 1958 அக்டோபர் 9, வியாழன், காலை மணி 11.10.