விழுந்து எழுந்த இணைப்பு

போன வாரம் மகனுக்கு மெத்தை வாங்கத் தம்பானூர் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, "கை வச்சு அமுக்கிப் பாருங்கக்கா, புது ஃபோம்" என்றார். அமுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு வாடை கிளம்பி மூக்கில் ஏறியது. அடுத்த நிமிடம் நான் கடைக்கு வெளியே, ஆட்டோக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "எந்தா அம்மா?" என்று மகன் பின்னாலேயே ஓடி வந்தான். பள்ளிக்கூட மலையாளம்தான் அவனுக்கு முதலில் வரும். வெயில் வேணும்போல இருந்தது என்றேன். அந்த வெயிலில் யாரும் நம்பமாட்டார்கள். அவனும் நம்பவில்லை.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பொதுவாக நான் வாடைக்கு அஞ்சுகிறவள் இல்லை. ஆரியசாலையில் அப்பாவுக்கு வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். மாடியில் வீடு, கீழே கடை. வீட்டுக்கு வரும் விருந்தாளி படியேறும்போதே தும்மத் தொடங்குவார். தும்மலின் எண்ணிக்கையை வைத்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று அம்மா உலையில் அரிசி போடுவாள். அந்தக் காரத்தில் வளர்ந்த மூக்கு இது. ஆனால் அந்த நுரைப்பஞ்சு வாடை வேறு.

கழக்கூட்டத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் தரைத்தளத்தில் ஓர் அறை இருந்தது. சேம்பர் என்போம். சுவர், கூரை, கதவு எல்லாம் இரும்புத் தகடு. உள்பக்கம் முழுக்கக் கூம்பு கூம்பாக நீல நிற நுரைப்பஞ்சு. வெளியே இருக்கும் ரேடியோ அலை உள்ளே வராது, உள்ளே கிளம்புவது வெளியே போகாது. கதவைச் சாத்தினால் மொபைலில் கோடுகள் ஒவ்வொன்றாக அணையும். மனிதக் குரலும் அப்படித்தான். பேசிய சொல் வாயை விட்டு ஒரு முழம் போவதற்குள் பஞ்சு அதைத் தின்றுவிடும். முதல் நாள் உள்ளே நின்றபோது என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. வேலைக்குப் புதிது என்பதால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

"நீ அங்க போயி என்னதான் செய்யுத?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார்.

"ஒரு சிப்புலேருந்து இன்னொரு சிப்புக்குப் பாதை போடுதேன்ப்பா."

"எவ்வளவு தூரம்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா மூணு வருஷம்? நம்ம லோடு கோவில்பட்டிலேருந்து ஒரே ராத்திரில வந்துருதே."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த உள்ளங்கை நீளச் செம்புக் கோட்டில் ஒரு நொடிக்கு ஆயிரம் கோடித் துடிப்புகள் ஓடவேண்டும். அந்த வேகத்தில் செம்பு சொன்னபடி கேட்காது. கோடு ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாக வளைந்தால் போதும், சிப்புகள் பதித்த பலகையில், அதாவது போர்டில், போட்ட துளை மயிரிழை ஆழமாகிவிட்டால் போதும், துடிப்பு அங்கே முட்டித் திரும்பி, பின்னால் வருவதன் மேல் விழும். ஒன்று என்று அனுப்பியது சுழி என்று போய்ச் சேரும். எங்கள் பலகையில் இப்படிப் பதினாறு பாதைகள். பதினைந்தும் ஒழுங்கு. ஏழாவது மட்டும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, எங்கேயாவது ஒரு துடிப்பைத் தொலைத்துவிடும். அதைப் போட்டவள் நான்.

என்ன ஏது என்று தெரியாமல், அதைத் திருத்தித் திருத்திப் போட்டபடி அதற்குள்ளேயே கிடந்தேன். ஹைவேயில் பஸ் நகராமல் நிற்கும்போது ஏழாவது பாதை. கம்பெனிக்குப் பக்கத்து ஹாஸ்டலில் புட்டும் கடலையும் சாப்பிடும்போது ஏழாவது பாதை. கல்யாணப் பேச்சு வந்தபோது, "இது முடியட்டும்மா" என்றேன். எது என்று அம்மா கேட்கவில்லை.

என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டிருந்தவர் செல்வின் அண்ணன். எங்கள் சின்னக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பாறசாலைக்காரர். மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் அங்கேதான் பிறந்தாள். நடக்கத் தொடங்கியிருந்த அந்தப் பிள்ளையை அவர் ஒரே ஒரு தடவைதான் தூக்கியிருக்கிறார். லீவு கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "போர்டு பாஸாகட்டும் செல்வின், அன்னைக்கே போய்க்கோ" என்பார். இனிமையாகத்தான் சொல்வார். அதனாலேயே மறுத்துப் பேசமுடியாது.

கடைசியில், பலகையை வாங்க இருந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பலகையைச் சேம்பருக்குள் வைத்து, கதவைச் சாத்தி, மூன்று நாள் விடாமல் ஓட்டவேண்டும். ஒரு துடிப்புகூடத் தொலையக்கூடாது. இடையில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பலகையிலிருந்து ஒரு கண்ணாடி இழை சுவரில் இருந்த சின்னக் குழாய் வழியாக வெளியே போய், சோதனைக் கருவியில் சேர்ந்தது. அந்தக் கருவி காட்டும் எண்களை எங்கள் குழுவின் ஷீபா சேச்சி நெடுமங்காட்டில் தன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் ஹர்த்தால்.

ஹர்த்தால் என்றால் இங்கே பட்டப்பகலில் ஊர் செத்துக் கிடக்கும். விடிவதற்குள் செல்வின் அண்ணனின் பைக்கில் இருவரும் வந்து சேர்ந்துவிட்டோம். கட்டடத்தில் ஏசியை அணைத்துவிட்டிருந்தார்கள். பலகை சூடாகிவிடுமே என்று, கையளவு விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். விதிப்படி மொபைல், பை எல்லாம் வெளியே மேசையில். கதவு திறந்திருந்தால் வெளி அலை உள்ளே வந்து சோதனையைக் கெடுக்கும் என்று சட்டென்று இழுத்துச் சாத்தினோம். விசிறியை வைத்துவிட்டுத் திரும்பி, கதவின் பிடியை நான் கீழே அழுத்தினேன். பிடி என் கையோடு வந்துவிட்டது.

"அண்ணே, இது களண்டு வந்துட்டு."

"வெளையாடாத பிள்ளே."

திருப்பி மாட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்த தண்டு முறிந்து ஆழத்தில் போயிருந்தது. கதவில் குத்தினோம். பஞ்சில் குத்துவது மாதிரி இருந்தது, பஞ்சில்தான் குத்தினோம். கத்தினோம். ஒருவர் கத்துவது பக்கத்தில் நிற்கிற மற்றவருக்கே மெல்லிசாகத்தான் கேட்டது. செக்யூரிட்டி கோபி சேட்டன் தூரத்தில் கேட்டில் உட்கார்ந்திருப்பார்.

"ஆராவது வருவாவ" என்றார் செல்வின் அண்ணன்.

"இன்னைக்கு ஹர்த்தாலுல்லா? ஆரு வருவா?"

"ஷீபா பாத்துட்டுதான இருக்கா."

"ரன் நல்லாப் போவுதுன்னா அவங்க எதுக்கு நம்மளத் தேடணும்?"

அதைச் சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. பலகையில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்வரை வெளியே எல்லோருக்கும் எல்லாம் சரி. நான் இழையின் முனையில் கைவைத்தேன்.

"தொடாத!" என்று கத்தினார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நாளைக்குக் காலம்பற முடிஞ்சிரும் பிள்ளே. முடிஞ்சா நான் போயிருவேன். கொஞ்சம் பொறு."

பொறுத்தோம். பலகையின் சூடும் எங்கள் சூடும் சேர்ந்து பஞ்சிலிருந்து அந்த வாடை கிளம்பியது. சட்டை முதுகோடு ஒட்டியது. நான் அப்பாவின் கடையை நினைத்துக்கொண்டேன். ஒரு தும்மல் வந்தால்கூட நன்றாயிருக்கும்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன விசில் சத்தம் கேட்டது. பலகையில் ஏதோ என்று குனிந்து பார்த்தேன். பலகை இல்லை, செல்வின் அண்ணன். அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வெளியே பையில் இருந்தது.

"அண்ணே, இழைய உருவிருவோம்."

தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே போய் வந்தன. கண் பச்சை விளக்கிலேயே இருந்தது. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது.

"மூச்சு இல்லாம எந்தப் பிளேன்ல போவீங்க? பாப்பாவ பாக்கணுமா வேண்டாமா?"

என்னைப் பார்த்தார். சிரிக்க வந்து இருமினார். பிறகு கையை ஊன்றி நகர்ந்து வந்து, "நீ எடுக்காத. நானே எடுக்கேன்" என்றார். இழையின் முனையை இரு விரலால் அழுத்தி மெதுவாக உருவினார். பச்சை அணைந்தது. "போச்சு" என்றார். அவ்வளவுதான். மறுபடி சொருகினார், எரிந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. என் கையில் தந்தார். எனக்குத் தந்திக் குறி ஏதும் தெரியாது. கதவைத் தட்டுகிற மாதிரி மூன்று தடவை உருவிச் சொருகினேன், நிறுத்தினேன், திரும்பவும் மூன்று. எவ்வளவு நேரம் செய்தேன் என்று நினைவில்லை. விரல் நுனி மரத்துப்போனது நினைவிருக்கிறது.

அந்த நேரத்தில் நெடுமங்காட்டில் ஷீபா சேச்சி என்ன செய்தார் தெரியுமா? எங்களுக்கு மெயில் போட்டார். லிங்க் விழுந்து விழுந்து எழும்புகிறது, கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள் என்று. பதில் வராததால் போன் செய்தார். மேசையில் இரண்டு மொபைலும் மாறி மாறி அடித்திருக்கின்றன. பிறகுதான் எண்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். கெட்டுப்போகிற இணைப்பு திடீரென்று விழாது. முதலில் ஒன்றிரண்டு பிழை, பிறகு பத்து நூறு என்று ஏறி, அதற்கப்புறம்தான் விழும். இது அப்படி இல்லை. பிழையே இல்லாமல் விழுகிறது, பிழையே இல்லாமல் எழும்புகிறது.

"அது கேடல்ல மோளே, கையாணு" என்றார் பிறகு என்னிடம். பழுது அல்ல, கை. யாரோ கையால் உருவுகிறார்கள் என்று கண்டுகொண்டு கோபி சேட்டனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் லேபை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். "சேம்பர் துறந்நு நோக்கு சேட்டா" என்று, அவர் திறந்து பார்க்கும்வரை சேச்சி போனை வைக்காமல் நின்றிருக்கிறார்.

கதவு திறந்தபோது வந்த காற்று சாதாரண வராந்தாக் காற்றுதான். ஃபினாயில் வாடை அடித்தது. இப்போதும் யாராவது ஃபினாயில் ஊற்றித் தரை துடைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வீட்டில் கேலி செய்வார்கள். இன்ஹேலரைத் தேடிக் கொடுத்தேன். வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்து, மூச்சு ஒருவழியாகச் சீரானதும், செல்வின் அண்ணன் கோபி சேட்டனின் போனை வாங்கினார், சேச்சி இன்னும் அதில் இருந்தார்.

"ஷீபா, நான் உருவுறதுக்கு முன்ன ஏழாவது லேன் எப்பிடி இருந்துது?"

"கிளீனாயிருந்நு செல்வின்" என்றார் சேச்சி, ஸ்பீக்கரில். ஒரு துடிப்புகூடத் தொலையவில்லை.

மறுநாள் மேனேஜர் மிகவும் வருத்தப்பட்டார். கதவை மாற்றச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ ஆறுவதற்குள், "அப்போ ரன் இன்னைக்கே மறுபடி தொடங்கிரலாம், இல்லே?" என்றார். செல்வின் அண்ணன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார். "நீங்க தொடங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சத்தம் போடவில்லை. குவைத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் வேலையை விடவில்லை. விடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. புதுக் கதவு வந்தது, மூன்று நாள் ஓட்டினோம், ஏழாவது பாதை சுத்தமாக ஓடியது. அதற்குள் வாங்குபவர்கள் வேறு யாரிடமோ வாங்கிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அந்த உள்ளங்கை நீளப் பாதை என்னாச்சு?" என்று கேட்டார். உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

சேம்பரைப் பிரித்து விற்றுவிட்டார்கள். அந்தத் தரைத்தளத்தில் இப்போது ஒரு ஜிம். ஹர்த்தாலும் முன்பு போல் அடிக்கடி இல்லை. நான் இன்னும் இதே துறையில்தான், பெரிய டேட்டா சென்டர்களின் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில். சென்ற மாதம் எங்கள் கட்டடத்திலேயே, சர்வர்கள் அடுக்கிய ஒரு ரேக்கில் ஓர் இணைப்பு விழுந்து விழுந்து எழும்பியது. நான் திரையில் பார்ப்பதற்குள் புகார் பதிவாகி, தானாகவே முடித்தும் வைக்கப்பட்டிருந்தது. ஷிஃப்டில் இருந்த நாகர்கோவில் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அங்க ஆள் யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"எதுக்கு மேடம்? டிராஃபிக் அந்த செகண்டே வேற பாதைக்கு மாறிட்டே. யாருக்கும் ஒன்னும் தெரியாது."

"பிழை ஏறி விழுந்துதா, சும்மா விழுந்துதா?"

"அதெல்லாம் யாரு மேடம் பாக்கா?" என்று அவள் சிரித்தாள். நல்ல பெண். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பார்ப்பதற்கென்று அங்கே யாரையும் வைக்கவில்லை. நெடுமங்காட்டில் ஒரு வீட்டு மேசையில் உட்கார்ந்து, விழுந்து எழும்புகிற ஓர் எண்ணைப் பார்த்து, இது யார் கையோ என்று யோசித்த அந்த வேலையே இப்போது கிடையாது. நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அந்த ரேக் இருக்கும் அறைக்குப் போய், கதவைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.