பாக்கியம் சின்னம்மாவின் பிளெண்டர்

வியாழக்கிழமை மாலையில் பாக்கியம் சின்னம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் நலம்கூட விசாரிப்பதில்லை. எடுத்ததும் படத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். வாராவாரம் அவர் கேட்பது அது ஒன்றைத்தான்: "இந்தச் சனிக்கெழம என்னா படம், தாயி?" அன்றும் அடுப்பில் குழம்பு கொதிக்க, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெயரைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் மலாய் மொழியில் தயங்கித் தயங்கிப் பேசியது. பக்கத்து வீட்டு யானி. மதியம் படுத்த மக்சிக் எழுந்திருக்கவே இல்லை என்றார். சின்னம்மாவை அவர் அப்படித்தான் அழைப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சமையலறையிலேயே நின்றேன்.

மாமா என்றால் என் மாமனார். சின்னம்மா அவருடைய ஒரே தங்கை. என் கணவர் குமாருக்கு அத்தை, எனக்குச் சின்னம்மா. நாங்கள் ராசா டவுனில் இருக்கிறோம். சின்னம்மா பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பால் வெட்டிய தமிழர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுனுக்குப் போய்விட, பக்கத்து வீடுகளில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் வந்தார்கள். அவர்களோடு மலாயில் சமாளித்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டில் தமிழ்ப் பேச்சு கேட்பது சனிக்கிழமை மட்டும்தான். அன்றுதான் நாங்கள் காரில் போய் இறங்குவோம். சாப்பாடு, பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு படம், பிறகு தேநீர், பிறகு வீடு.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் அவருக்கு வைத்த பெயர் 'சத்தக்காரி'. படம் ஓடும்போது அவர் வீட்டில் நிம்மதியாக ஒரு வசனம் கேட்க முடியாது என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். துக்க வீட்டில்கூட ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை ஒரு தீபாவளிக்கு மறுநாள் தொடங்குகிறது. அப்போது ஒரு ரவுடிப் படம் வந்திருந்தது. குமாருக்கும் பிள்ளைகளுக்கும் அதன்மேல் பைத்தியம். சின்னம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வில்லன் கதாநாயகனின் தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். மென்று விழுங்கிச் சொல்லவில்லை, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். மாமா என்னைப் பார்க்கவில்லை, நான் மாமாவைப் பார்க்கவில்லை. அவர் எழுந்தார், செருப்பை மாட்டினார், புது வேட்டியோடு செம்மண் பாதையில் நடந்து போய்விட்டார். குமார் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பெரிய சாலையில் பஸ்ஸுக்கு நின்றவரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தார்.

மாமா வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். அவர் வாயில் வராத வார்த்தையா என்று அவருடைய கூட்டாளிகள் சிரிப்பார்கள். அது வெளியே. வீட்டுக்குள், மருமகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவரும் நானும் ஒரே நேரத்தில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டோம் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன், பிள்ளைகள் வாயிலிருந்தே அதைவிட மோசமாகக் கேட்கிறேன். ஆனால் மாமாவிடம் போய் எனக்கு ஒன்றுமில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதைச் சொன்னாலும் அந்த வார்த்தையைப் பற்றித்தானே பேச வேண்டும்!

அதன்பின் மாமா பெடாஸ் பக்கம் போக மறுத்தார். கால் வலி என்றார், மழை என்றார். அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று குமாரும் விட்டுவிட்டார். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வேறு வேலை வந்தது. இப்படித்தான் எதுவும் நின்றுபோகிறது, யாரும் நிறுத்துவதில்லை. சின்னம்மா அந்த மாதங்களில் யாரோடு பேசினாரோ தெரியாது. ஒருமுறை அழைத்தபோது அவர் குரல் கரகரத்திருந்தது. சளியா என்று கேட்டேன். "இல்ல தாயி, பேசி ரெண்டு நாளாச்சு, அதான்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் ஏறி ராசாவுக்கு வந்துவிட்டார். கையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. மாமா எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இனிமே என் வீட்ல அந்த மாதிரி எதுவும் ஒங்க காதுல விழாது. அதுக்கு நான் பொறுப்பு. நீங்க வாங்க."

மாமா கிழங்கு மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு, அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் அவரோடு நடந்தேன். இனி சாமி படம்தான் போடுவீர்களா என்று கேட்டேன்.

"சாமி படம் போட்டா புள்ளைங்க வராதுங்க. புள்ளைங்க படம் போட்டா அண்ணன் வராது. ரெண்டு பேரும் வர்றதுக்கு ஒரு வழி இல்லாமலா போயிரும்? நான் பாத்துக்கிறேன்லா."

அந்த வாரத்திலிருந்துதான் வியாழக்கிழமை அழைப்பு தொடங்கியது. பிளெண்டர் சத்தமும் அப்போதுதான் தொடங்கியது. படிக்கிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் விளங்கவில்லை.

அவர் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் கதவு கிடையாது. படம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து உள்ளே பிளெண்டர் அலறும். தேங்காய்ச் சட்னி என்பார், மிளகாய் என்பார். நாங்கள் முனகுவோம். குமார் ஒருநாள், "என்னா அத்தை, வில்லனோட கூட்டா நீங்க? அவன் வாயத் தொறந்தா நீங்க சுவிட்ச தட்டுறீங்க" என்று கத்தினார். சின்னம்மா உள்ளிருந்தே, சட்னி வேண்டாம் என்றால் வெறும் தோசையைத் தின்னுங்கள் என்றார். மாமா மட்டும் எதுவும் சொல்லமாட்டார். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, தாடையைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார்.

சின்னம்மா காது கூசுகிற ஆளும் இல்லை. ஒருமுறை வாழைத்தாரைக் குரங்குகள் பிய்த்தபோது அவர் அவற்றைத் திட்டியதை நான் பின்வாசலில் நின்று கேட்டேன். அந்த ரவுடிப் படத்துக்கு வசனம் எழுதியவர் பக்கத்தில் நின்று பாடம் கற்றுக்கொள்ளலாம். திரும்பி என்னைப் பார்த்தவர் கொஞ்சமும் அசடு வழியவில்லை.

"வேல வாங்குற மண்டோர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வளந்தவ நான். எனக்குத் தெரியாத வார்த்தையா? பேசுறவன் படத்தோட போயிருவான், தாயி. கேட்டவங்கதான் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒரே வீட்ல இருக்கணும்."

நான் தலையாட்டினேன். அப்போதும் பிளெண்டர் என் நினைவுக்கு வரவில்லை.

ஒருநாள் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். பிளெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடி, கழுத்தை மட்டும் நீட்டிக் கூடத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடிக்குள் வெறும் தண்ணீர் சுழன்றது. என்ன சின்னம்மா என்றதற்கு, கழுவுவதாகச் சொன்னார். வயதாகிறது, ஏதோ மறதி என்று நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் குமாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

பாம்பு வந்த கதை உங்களுக்குத் தெரியும். அன்று படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளெண்டர் இழுத்து இழுத்து நின்று, கருகிய வாடை வந்தது. அடுத்த நொடி சின்னம்மா பின்வாசலிலிருந்து பாம்பு, பாம்பு என்று கூச்சலிட்டார். எல்லாரும் வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினோம். மாமா கம்பை எடுத்துக்கொண்டு வாழை மரத்தடியெல்லாம் தேடினார். யானி வீட்டு ஆண்களும் தேடினார்கள். பாம்பு இல்லை. ஆளில்லாத கூடத்தில் படம் தன் பாட்டுக்கு ஓடியது. மறுவாரம் குமார் ஒரு புதுப் பிளெண்டர் வாங்கிக் கொடுத்தார். சின்னம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இது இன்னும் நல்லா சத்தம் போடுதுலா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

துக்க வீட்டில் யானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. மக்சிக்குக்குத் தமிழ்ப் படம் என்றால் உயிர் என்று மலாயில் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் தனியாக உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பாராம். சில நாள் யானியையும் பிடித்து உட்காரவைப்பாராம். பாஷை புரியாமல் யானி பொம்மை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாராம். சில இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவார், அதற்கு முன்னால் யார் வருகிறார்கள், யார் கதவைத் திறக்கிறார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிப் பார்ப்பார் என்றார். எல்லாம் சண்டைக்காரர்கள் கத்துகிற இடங்கள். மக்சிக்குக்கு அந்த முரட்டு நடிகர்களை ரொம்பப் பிடிக்கும்போல என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வியாழக்கிழமை பெயரைக் கேட்டு, வெள்ளிக்கிழமை தனியாகப் பார்த்து, வார்த்தை வரும் இடங்களை மனப்பாடம் செய்து, சனிக்கிழமை அடுப்படியில் போய் நின்றிருக்கிறார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை ஒரு வாரமும் தவறவிடவில்லை. நாங்கள் ரசித்துப் பார்த்த ஒரு படத்தையும் சனிக்கிழமை அவர் முழுசாக உட்கார்ந்து பார்க்கவில்லை. எதிரில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். யாரிடம் போய் இதைச் சொல்வது? எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த சனிக்கிழமை, வீட்டை ஒழித்துக் கொடுக்கப் போனோம். தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டினோம். கடைசியாகத் தொலைக்காட்சியைக் கழற்றும்போது, இந்த வீட்டில் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதே ரவுடிப் படம். அந்தத் தீபாவளிக்குப் பிறகும் அதை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், சட்னி சத்தத்தோடு. மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் சின்னம்மா போடும் சின்ன முக்காலி காலியாகக் கிடந்தது.

அந்த வார்த்தை வந்தது. கூடத்தின் நடுவில் தெளிவாக, முழுசாக விழுந்தது. நான் தரையைப் பார்த்தேன். மாமா முழங்காலில் கையூன்றி எழுந்தார். குமாரின் கை ரிமோட்டுக்குப் போனது. போச்சு, மறுபடி பஸ் நிறுத்தம்தான் என்று நினைத்தேன். மாமா வாசல் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனார்.

சற்று நேரத்தில் வில்லன் மறுபடி கதவைத் திறந்துகொண்டு வந்தான். வாயைத் திறந்தான். உள்ளே பிளெண்டர் அலறியது. அவன் சொன்னது எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. அவன் வாயை மூடியதும் சத்தம் நின்றது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மாமா மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். ஜாடியில் எதுவும் இல்லை, தண்ணீர்கூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பாம்பு எங்கம்மா இருந்துச்சு? கம்ப எடுத்துக்கிட்டுத் தேடுனது நான்தானே. அன்னிக்கே எனக்குத் தெரியும்." அவர் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு எடம் இருக்கு. நீ போயி உக்காரும்மா."

நான் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே இரண்டு இடங்கள் இருந்தன.

பிளெண்டர் இப்போது ராசாவில் என் சமையலறையில் இருக்கிறது. சனிக்கிழமைப் படமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்பதால் நான்தான் உள்ளே போகிறேன். அதற்காக வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிடுகிறேன். சிரிப்பு வரும் இடத்தில் சிரித்துவிட்டுப் பக்கத்தில் பார்க்கிறேன், யாரும் இல்லை. அழுகை வரும் இடத்திலும் அப்படித்தான். அந்த லயத்து வீட்டில் அவர் ஒவ்வொரு படத்தையும் முதலில் இப்படித்தான் பார்த்திருக்கிறார். மறுநாள் நாங்கள் சிரிக்கும்போது அடுப்படியிலிருந்து அவரும் சிரிப்பார், அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி, எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வராத மாதிரி. இடங்களையெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் வரவில்லை.